பாபேஜ் தம் பொறியைக் கட்டி முடித்த லண்டன்: மேசை ஆட்டத்துக்கான ஸ்டீம்பங்க் உலகத்தை எங்கிருந்து தொடங்குவது?

பகடைக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஐந்து பேர் கொண்ட எங்கள் குழு ஞாயிறு பிற்பகல்களில் கூடி மூன்றாண்டுகளாக டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை ஆட்டம்) ஆடி வருகிறது. வாளும் மந்திரமும் சற்றே அலுத்துவிட்டதால், 1870களின் லண்டனைக் களமாகக் கொண்ட ஸ்டீம்பங்க், அதாவது நீராவி எந்திரங்கள் கோலோச்சும் மாற்று வரலாற்று ஆட்டத்தொடர் ஒன்றைக் கேம் மாஸ்டராக இருந்து நடத்துகிறேன் என்று நானே முன்வந்து ஒப்புக்கொண்டேன். ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ், எண் அட்டவணைகளைத் தானே கணித்துத் தரும் தம் பொறியை 1830களிலேயே கட்டி முடித்துவிட்டார் என்பதுதான் நான் வைத்துக்கொண்ட திருப்புமுனை. அதன்மேல் விண்கப்பல்கள், நீராவி வண்டிகள், புகை, பித்தளைக் குழாய்கள் என்று நாற்பது பக்கம் குறிப்பும் எழுதினேன்.

முதல் அமர்விலேயே மாட்டிக்கொண்டேன். லைம்ஹவுஸ் துறைமுகப் பகுதியில் ஒரு மதுக்கடையில் கதையைத் தொடங்கியிருந்தேன். எங்கள் குழுவில் வங்கிப் பணியாளர் ஒருவர் இருக்கிறார். எதையும் கணக்குப் பார்த்தே ஏற்றுக்கொள்பவர். அவர் பகடையைக் கீழே வைத்துவிட்டு, "கணிக்கும் பொறி வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்கிறீர்கள், சரி. இந்தக் கடைக்காரருக்கு அதனால் என்ன மாறியிருக்கிறது?" என்று கேட்டார். கல்லாப்பெட்டியில் பற்சக்கரங்கள் சுழல்கின்றன என்று சொல்லிச் சமாளித்தேன். மேசையைச் சுற்றி எழுந்த சிரிப்பு அடங்கச் சில நிமிடங்கள் ஆயின. அன்று மாலை முழுவதும் எவர் எதைச் செய்தாலும், "அதிலும் பற்சக்கரம் உண்டா?" என்பதே பேச்சாகிவிட்டது.

ஆகவே என் கேள்வி இதுதான்: ஒரே ஒரு மாற்றத்தை வைத்துக்கொண்டு, அது கடைக்காரர் வரை எப்படி இறங்கி வரும் என்பதை நம்பும்படியாக எப்படி அமைப்பது? விண்கப்பல்களை வைத்துக்கொள்ளலாமா, விட்டுவிடலாமா என்பதையும் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு. குழுவில் ஒருவர் சென்னப்பட்டணத்தில் பிறந்து லண்டனுக்கு வந்த ஒருத்தியாக ஆட விரும்புகிறார். அவளை வெறும் அயல்நாட்டு அலங்காரமாக ஆக்கிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருக்கிறேன். ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

கடைசல்பட்டறை

நான் லேத் பட்டறையில் இருபது ஆண்டுகள் கழித்தவன். அந்தக் கண்ணோடுதான் இதைப் பார்க்க முடிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாபேஜ் கட்டி முடித்துவிட்டார் என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டீர்கள். உண்மையில் அவர் ஏன் முடிக்கவில்லை என்பதைக் கேட்டிருந்தால், கடைக்காரருக்கான விடை அங்கேயே கிடைத்திருக்கும். அக்காலத்துப் பட்டறைகளால் அவ்வளவு நுட்பமாகப் பித்தளையைக் கடைய இயலவில்லை என்பது பலரும் சொல்லும் காரணம். ஆனால் அவர் பின்னாளில், 1847 முதல் 1849 வரை வரைந்து வைத்த இரண்டாம் வேறுபாட்டுப் பொறியை (அவருடைய கணிக்கும் பொறியின் மேம்பட்ட வடிவம்) லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தார், அவர் காலத்தில் எட்டக்கூடியதாயிருந்த துல்லியத்தை மீறாமல், 1991-இல் கட்டிக் காட்டினார்கள். அது பிழையின்றிக் கணித்தது. ஆகவே தடை உலோகத்தில் இல்லை. பாபேஜுக்கும் அவருடைய பொறிஞர் ஜோசப் கிளெமென்ட்டுக்கும் நடுவே இருந்தது. பட்டறையைத் தம் வீட்டுக்கு அருகே மாற்ற வேண்டும் என்றார் பாபேஜ். அதற்கு ஈடு கேட்டார் கிளெமென்ட். அரசுப் பணத்தில் செய்யப்பட்ட கருவிகளானாலும் அவை செய்தவனுக்கே சொந்தம் என்பது அன்றைய தொழில் வழக்கம். 1833-இல் வேலை நின்றது. அரசு அதுவரை கொட்டியது 17,000 பவுண்டுக்கும் மேல். 1842-இல் அது முற்றாகக் கைகழுவியது.

எனவே உங்கள் திருப்புமுனையை ஒரு மேதையின் வெற்றியாக வைக்காதீர்கள். கூலித் தகராறு ஒன்று தீர்ந்துபோனதாக வையுங்கள். 1833-இல் யாரோ ஒரு கருவூல எழுத்தர் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார், அவ்வளவே. அந்த எழுத்தர் இப்போது கிழவராக உங்கள் கதையில் உலவலாம்.

இனி கடைக்காரர். கிளெமென்ட், திருகாணியின் ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு இத்தனை புரி என்று ஒழுங்கு வகுக்க முயன்றவர். அவரிடம் அந்தப் பொறியில் வேலை செய்த ஜோசப் விட்வொர்த்தான் 1841-இல் 55 பாகைக் கோணத்தில் திருகுப் புரிக்கான பொது அளவை முன்வைத்தார். அதற்குமுன் ஒரு பட்டறையின் மரை இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. பொறிக்காக ஆயிரக்கணக்கான ஒரே மாதிரிப் பாகங்களைச் செய்து பழகிய அந்தப் பட்டறை தொடர்ந்து நடந்திருந்தால், அந்த ஒழுங்கு பத்தாண்டு முன்பே ஊரெங்கும் பரவியிருக்கும் என்று வைக்கலாம். உங்கள் மதுக்கடைக்காரர் நிலவறையிலிருந்து பீரை ஏற்றும் கைப்பம்பு உடைந்தால், அதைச் செய்த பட்டறைக்கே ஆள் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். தெருமுனையில் வாங்கிய மரையைத் தாமே முடுக்கிக்கொள்வார். அதே காரணத்தால், ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் தேய்த்துப் பொருத்தி வந்த பழைய ஃபிட்டர் வேலையிழந்து அவர் கடையிலேயே பகலெல்லாம் உட்கார்ந்திருப்பார். ஒரே மாற்றத்தின் இரண்டு பக்கங்களும் ஒரே அறையில் வந்துவிட்டன.

பொறி என்ன செய்யும் என்பதையும் ஆட்டக்காரர்கள் கையாலேயே உணரட்டும். வேறுபாட்டுப் பொறிக்குப் பெருக்கத் தெரியாது. கூட்ட மட்டும் தெரியும். பாபேஜே காட்டி வந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 41, 43, 47, 53, 61 என்ற வரிசையை எடுங்கள். அடுத்தடுத்த எண்களின் வேறுபாடு 2, 4, 6, 8. அந்த வேறுபாடுகளின் வேறுபாடு எப்போதும் 2. ஆக 8-உடன் 2-ஐக் கூட்டினால் 10. 61-உடன் 10-ஐக் கூட்டினால் 71, அதுவே அடுத்த எண். இவ்வளவுதான் பொறியின் உள்ளே நடப்பது. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி, நடுவே ஓர் எண்ணை மட்டும் தவறாக வைத்து, கப்பல் பஞ்சாங்கத்தின் கிழிந்த பக்கம் என்று சொல்லி ஆட்டக்காரர்களிடம் கொடுங்கள். தவற்றைக் கண்டுபிடிப்பவருக்கு யாரோ வேண்டுமென்றே அட்டவணையைக் கெடுத்திருக்கிறார்கள் என்பது புலப்படும். பகடை உருட்ட வேண்டிய தேவையே இராது. உங்கள் வங்கி நண்பர் அன்று வாயே திறக்க மாட்டார்.

ஓர் எச்சரிக்கை. பொறி வந்துவிட்டால் உலகமே தலைகீழாகும் என்று எழுதிவிடாதீர்கள். ஸ்வீடனைச் சேர்ந்த ஷொய்ட்ஸ் தந்தையும் மகனும் பாபேஜைப் பின்பற்றி ஒரு பொறியை உண்மையிலேயே முடித்தார்கள். அதன் படி ஒன்றை லண்டனின் பதிவாளர் தலைமை அலுவலகம் 1859-இல் வாங்கியது; 1864-இல் வெளிவந்த இங்கிலாந்து ஆயுள் அட்டவணைக்கு அதைப் பயன்படுத்தினார்கள். உலகம் புரளவில்லை. பொறி இருந்தால் மட்டும் போதாது. அதற்கு ஓயாமல் தீனி போடும் தேவை ஒன்று வேண்டும். அந்தத் தேவை எவருடையது என்பதை முடிவு செய்தால் உங்கள் உலகத்தின் எசமானர் யார் என்பது தெரிந்துவிடும். ஆயுள் காப்பீடு, பீரங்கிக் குறி, கடற்பயணம் இம்மூன்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். என் பரிந்துரை காப்பீடு.

மணிக்கூண்டு

மேலே எழுதியவரின் திருகாணிக் கதை அருமை. ஆனாலும் பாபேஜ் வழி தேய்ந்துபோன வழி என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்டீம்பங்க் என்றாலே முதலில் கைநீட்டுவது அவரைத்தான். கணிதம் பிடிக்காத ஆட்டக்காரருக்கு அந்தப் பொறி ஒரு மூலையில் நிற்கும் பீரோதான். பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு திருப்புமுனையைப் பாருங்கள்.

1831-இல் கோல்ட்ஸ்வொர்த்தி கர்னியின் நீராவி வண்டிகள் குளொஸ்டருக்கும் செல்டன்ஹாமுக்கும் இடையே சில மாதங்கள் பயணிகளை ஏற்றி ஓடின. சாலையில் கற்களைக் குவித்தார்கள், அச்சு முறிந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றக் குழு விசாரித்து, இவ்வண்டிகளால் ஆபத்தில்லை என்றும் சுங்கவரிதான் இவற்றைக் கொல்கிறது என்றும் அறிக்கை தந்தது. லிவர்பூல் – பிரெஸ்காட் சாலையில் குதிரை வண்டிக்கு 4 ஷில்லிங் சுங்கம் என்றால் நீராவி வண்டிக்கு 2 பவுண்டு 8 ஷில்லிங், அதாவது பன்னிரண்டு மடங்கு. பின்னர் 1865-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. நகருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் வேகந்தான். வண்டிக்கு 60 கெஜம் முன்னால் ஒருவர் சிவப்புக் கொடி பிடித்து நடந்துபோக வேண்டும். உங்கள் உலகத்தில் அந்த 1831 அறிக்கையை நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது என்று மட்டும் வைத்துக்கொண்டால், சாலை முழுக்க நீராவி வண்டிகள் தாமாகவே வந்துவிடும். அதோடு எதிரிகளும் ஆயத்தம்: சுங்கச்சாவடி முதலாளிகள், கொல்லர்கள், லாயக்காரர்கள், குதிரைத் தீனி விற்பவர்கள், இரவில் கல் குவிக்க ஆள் அனுப்புகிறவர்கள்.

நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். இருப்புப்பாதை வரும்வரை இங்கிலாந்தில் ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் சூரிய நேரம். பிரிஸ்டல் நேரம் லண்டனுக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840-இல் லண்டன் நேரத்தைக் கடைப்பிடிக்கத் தொடங்கியது. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று சட்டம் வந்ததோ 1880-இல்தான். பிரிஸ்டல் வணிகக் கூடத்தின் கடிகாரத்தில் இன்றைக்கும் இரண்டு நிமிட முட்கள் உண்டு, ஒன்று ஊர் நேரத்துக்கு, மற்றொன்று ரயில் நேரத்துக்கு. கொலை நடந்த நேரத்தைப் பற்றி இரண்டு சாட்சிகள் பத்து நிமிட வேறுபாட்டோடு சொல்கிறார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. இதைவிட மலிவான, நேர்மையான புதிர் எனக்குத் தெரிந்து இல்லை. நான் இதை ஒருமுறை நடத்தினேன். எங்கள் ஆட்டக்காரர்கள் விடை காண இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள், கண்டதும் என்னைத் திட்டினார்கள்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கைக் கண்டு பலரும் தசமத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். மாற்றாதீர்கள். 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய் என்று நம் தாத்தாக்கள் மனக்கணக்காகப் போட்டதுதானே. சில்லறையைக் கையில் எண்ணிக் கொடுக்கும்போதுதான் நாம் வேறொரு காலத்தில் இருக்கிறோம் என்ற உணர்வு மேசைக்கு வருகிறது.

ஆறாம்முகம்

விண்கப்பலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆன்ரி ஜிஃபார் 1852 செப்டம்பர் 24 அன்று நீராவி எஞ்சின் பூட்டிய பலூனில் பாரிஸிலிருந்து ஏறத்தாழ 27 கிலோமீட்டர் பறந்தார். எஞ்சினின் வலு 3 குதிரைத்திறன். எதிர்க்காற்றில் திரும்பி வர முடியவில்லை. கிளம்பிய இடத்துக்கே திரும்பிவந்த முதல் விண்கப்பல் 1884-இல் ரெனாரும் கிரெப்ஸும் ஓட்டியது. அது மின்கலத்தில் ஓடியது, நீராவியில் அல்ல.

காரணத்தைக் கணக்குப் போட்டால் ஆட்டத்துக்கே ஒரு விதி கிடைக்கிறது. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் தூக்குவது சுமார் 1.1 கிலோ. அக்காலத்து எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 2 கிலோ நிலக்கரியை எரித்தது என்று வையுங்கள். அப்படியானால் 100 குதிரைத்திறனுக்கு மணிக்கு 200 கிலோ நிலக்கரி. நீராவியைக் குளிர்வித்துத் திரும்பப் பெறாவிட்டால் மணிக்கு ஒரு டன்னுக்கு மேல் தண்ணீர். பத்து மணி நேரம் பறக்க 12 டன். அதைத் தூக்க மட்டுமே ஏறத்தாழ 11,000 கன மீட்டர் வாயு வேண்டும். கொதிகலன், ஆட்கள், சரக்கு எல்லாம் அதற்கு மேல். விண்கப்பல் என்றதும் நெருப்பைத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள், ஆனால் உங்கள் மாலுமிகளை வாட்டப்போவது தண்ணீர். ஆகவே விண்கப்பல்களை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கித் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்று விதி செய்யுங்கள். தண்ணீர்க் கோபுரம் உள்ள ஊர் வாழும், இல்லாத ஊர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். வரைபடத்தில் அந்தக் கோபுரங்களைக் குறித்தாலே பாதிக் கதை எழுதப்பட்டுவிடும்.

கொதிகலனுக்கு நான் கையாளும் விதி இது. அவசரத்துக்குப் பாதுகாப்பு வால்வைக் கட்டிவைப்பது அக்கால ஓட்டுநர்கள் செய்த கெட்ட வேலைதான். ஆட்டக்காரர் வால்வைக் கட்டினால் ஒரு பகடை கூடுதலாக உருட்டலாம். ஆனால் கட்டியிருக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் மேசை நடுவில் ஒரு காசை வைக்க வேண்டும். எந்தப் பகடையாவது அங்கிருக்கும் காசுகளின் எண்ணிக்கைக்குச் சமமாகவோ குறைவாகவோ விழுந்தால் கொதிகலன் வெடிக்கும். நான்காவது காசை வைக்கும்போது யாரும் பேச மாட்டார்கள். மான்செஸ்டரில் 1854-இலேயே கொதிகலன் வெடிப்பைத் தடுக்க ஆலை உரிமையாளர்கள் சங்கம் அமைத்து ஆய்வாளர்களை அனுப்பினார்கள் என்பதையும் கவனியுங்கள். ஆட்டக்காரர்கள் அனைவரும் கொதிகலன் ஆய்வாளர்கள் என்று வைத்தாலே போதும். எந்த ஆலைக்குள்ளும் நுழைய அவர்களிடம் ஒரு காரணம் இருக்கும், எவரும் அவர்களை வரவேற்கவும் மாட்டார்கள்.

கடலோடி

சென்னப்பட்டணத்துப் பெண்ணைப் பற்றி எவரும் இன்னும் பேசவில்லை. அவளை எங்கே உட்காரவைப்பது என்பதல்ல கேள்வி; உங்கள் லண்டனின் பித்தளைக்கும் புகைக்கும் அடியில் அவளுடைய ஊர் ஏற்கெனவே இருக்கிறது என்பதைக் காட்டுவதுதான் வேலை.

இடம் உங்கள் கையிலேயே இருக்கிறது. நீங்கள் கதையைத் தொடங்கிய லைம்ஹவுஸில்தான், வெஸ்ட் இந்தியா டாக் சாலையில், ஆசியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் தென்கடல் தீவினருக்குமான அயலார் இல்லம் 1857-இல் திறக்கப்பட்டது. கப்பலில் வந்து கூலியின்றிக் கைவிடப்பட்ட லஸ்கர்கள் (ஆசிய மாலுமிகள்) அங்கே தங்கினார்கள். ஆங்கிலக் குடும்பங்களோடு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்து, வந்த வேலை முடிந்ததும் வெளியே அனுப்பப்பட்ட ஆயாக்களும் அந்நகரில் இருந்தார்கள். ஆகவே 1870களின் லண்டனில் தமிழ் பேசும் ஒருத்தி இருப்பதற்கு நீங்கள் விளக்கமே சொல்ல வேண்டியதில்லை. அவள் ஆயாவாக வந்தவள் என்றால், பெரிய வீடுகளின் உள்ளறைகளைப் பார்த்தவள். எவரும் பொருட்படுத்தாததால் எல்லாவற்றையும் கேட்டவள். துப்பறியும் கதைக்கு இதைவிடத் தகுந்த ஆள் ஏது?

அடுத்து, பொருள்கள். தந்திக் கம்பி கடலுக்கடியில் போக வேண்டுமானால் அதன்மேல் குட்டா-பெர்ச்சா உறை வேண்டும். அது மலாயாக் காடுகளில் மரத்தை வெட்டிச் சாய்த்து எடுத்த பால். உங்கள் உலகத்தில் தந்தி இரட்டிப்பாகிறது என்றால் அந்தக் காடு இரு மடங்கு வேகமாக அழிகிறது. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பி போடப்பட்டது 1870-71-இல். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1861 முதல் 1865 வரை, லங்காஷயர் ஆலைகள் பஞ்சின்றி மூடிக் கிடந்தன. உடனே பார்வை இந்தியப் பருத்தியின்மேல் திரும்பியது. லண்டனில் எந்த எந்திரத்தைப் பெரிதாக்கினாலும் அதன் மறுமுனை எங்கோ ஒரு கரையில் யாருடைய கழுத்திலோ இருக்கும். உங்கள் குறிப்பில் உள்ள ஒவ்வொரு புதுமைக்கும் எதிரே அந்த மறுமுனையின் ஊர்ப்பெயரை எழுதுங்கள். ஊர்ப்பெயர் கிடைக்காத புதுமையை அடித்துவிடலாம் என்பது என் வழக்கம்.

இனி, கணிக்கும் பொறி. மணிக்கூண்டு அதைப் பீரோ என்றார். நான் அப்படி நினைக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியைக் குறைக்க கவர்னர் ஜெனரல் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கணக்குச் சொன்னார். கூடச் சில்லறைக் காசு. அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியத்தைத் தின்றுவிட்டுக் கல்லுடைக்க வேண்டும். சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதை எதிர்த்தார். உடல் உழைக்க இது போதாது, முகாம்களில் மக்கள் சாகிறார்கள் என்று எண்களை வைத்தே வாதாடினார். இரண்டு அதிகாரிகள், ஒரு மாகாணத்தின் உயிர், நடுவே ஓர் அட்டவணை.

இந்தச் சண்டைக்கு நடுவே உங்கள் பொறியை வைத்துப் பாருங்கள். அது பிழையே செய்யாது. ஆனால் எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை மனிதன்தான் சக்கரத்தைத் திருப்பி வைக்கிறான். டெம்பிளின் எண்ணை வைத்தால் டெம்பிளின் அட்டவணை, கார்னிஷின் எண்ணை வைத்தால் கார்னிஷின் அட்டவணை. இரண்டும் ஒரே அச்சில், ஒரே அழகோடு, லண்டனின் முத்திரையோடு வெளிவரும். உண்மை வரலாற்றில் கார்னிஷ் மனிதரோடு வாதாட முடிந்தது. உங்கள் வரலாற்றில் அவர் பிழையற்ற எந்திரத்தோடு வாதாட வேண்டியிருக்கும். கதையை 1877-இல் நடப்பதாக வையுங்கள். அந்தப் பெண்ணின் குடும்பம் அந்த முகாம்களில் ஒன்றில் இருக்கிறது. அட்டவணை அச்சாகும் அறைக்கும் அவளுக்கும் இடையே தேம்ஸ் நதியும் சில காவலர்களுமே இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பஞ்சத்தைக் கண்முன் காட்டும் காட்சியாக நடத்தாதீர்கள். தந்தியாக, கடிதமாக, விலைப்பட்டியலாக, பத்திரிகையின் ஒரு மூலைச் செய்தியாக வரட்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி, தம் பாட்டியிடம் கேட்ட பஞ்சக் கும்மியின் ஓரிரு அடிகளைப் பாடுவார். அதற்குமேல் அந்தக் காலத்தைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

பகடைக்காரன்

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. நாற்பது பக்கக் குறிப்பில் முப்பத்தொரு பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கடலோடி சொன்னபடி ஒவ்வொன்றுக்கும் எதிரே ஊர்ப்பெயர் எழுத முயன்றபோது, எந்திரக் கைகளும் பித்தளைக் கழுகும் தாமே உதிர்ந்துபோயின.

இப்போது நின்றிருப்பது இவ்வளவு. 1833-இல் கிளெமென்ட்டோடு சமரசம் ஏற்பட்டது. அதனால் திருகாணி ஒழுங்கும் பொறியும் வந்தன. கதை நடப்பது 1877. பொறியை வைத்திருப்பது அரசு அன்று, அரசுக்கு அட்டவணைகளை விற்கும் ஒரு காப்பீட்டு நிறுவனம். நேற்று இரண்டாம் அமர்வை அதே மதுக்கடையில் நடத்தினேன். கடைக்காரர் பீர்ப் பம்பில் மரை முடுக்கிக்கொண்டிருந்தார். மூலையில் வேலையிழந்த ஃபிட்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வங்கி நண்பரிடம் 41, 43, 47 தாளைக் கொடுத்தேன். அவர் தவற்றை மூன்று நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதன்பின் தாளைத் திருப்பித் தரவில்லை, வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்.

சென்னப்பட்டணத்துப் பெண்ணின் கையில் இப்போது இரண்டு அட்டவணைகளும் இருக்கின்றன. அவற்றில் எது அனுப்பப்பட வேண்டியது என்பதை ஆட்டக்காரர்களால் மாற்ற முடியும்; ஆனால் பொறியின் அச்சு முத்திரை வேண்டும். அதற்கு இரவில் பொறி அறைக்குள் நுழைய வேண்டும். அந்த அறையில் எப்படிப்பட்ட தடை இருக்கும்? பூட்டும் காவலரும் தவிர வேறு ஏதேனும் தோன்றினால் சொல்லுங்கள்.

கடைசல்பட்டறை

சத்தம். அருங்காட்சியகத்தில் இருக்கும் பொறியே ஐந்து டன், எண்ணாயிரம் பாகங்கள். கைப்பிடியைச் சுழற்றினால் பாகங்கள் மோதும் ஒலி அறையை நிறைக்கும். ஆகவே உள்ளே நுழைவது எளிது, இயக்குவது கடினம் என்று வையுங்கள். ஓர் அட்டவணைப் பக்கத்துக்கு எத்தனை சுழற்று என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐம்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பத்துச் சுழற்றுக்கும் காவலர் ஓர் அறை நெருங்குகிறார். நடுவில் நிறுத்தினால் அதுவரை கூட்டியது வீண். முதல் எண்ணிலிருந்து மீண்டும் சக்கரங்களைக் கையால் திருப்பி வைக்க வேண்டும்.

இன்னொன்று. அந்தக் கைப்பிடியைச் சுழற்றுவதற்குப் பலம் வேண்டும், ஒரே சீரான வேகமும் வேண்டும். அவசரப்பட்டால் பல் சிக்கி நின்றுவிடும். அதை அறிந்த ஒருவர் உங்கள் மதுக்கடையின் மூலையில் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். அவரை அந்த வேலைக்கு இணங்கவைப்பது மூன்றாம் அமர்வாகட்டும்.